பீடத்தில் நின்று டெல்லியைக் குறை சொல்லலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதக் கட்டில் ஏறக்குறைய பாதி குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. சொல்லிவைத்தாற்போல அவை எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன: மதகுருமார் அரசியல் பேசலாமா, அதிலும் அரசின் வெளியுறவுக் கொள்கையைக் குறை கூறலாமா? வேறு பொருள் பற்றிக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறோம்.

எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலியின் மறையுரையில் பங்குத்தந்தை, காசாவில் போர் நிறுத்தம் கோரிய ஐ.நா. தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது வெட்கக்கேடு என்று பேசினார். நற்செய்தி கேட்க வந்த இடத்தில் டெல்லியைப் பற்றிக் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை; எழுந்து வெளியே போய்விட்டேன். வீட்டில் மனைவி கோபித்துக்கொண்டார். நான் செய்தது தவறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கருங்கல்

மனைவியின் கோபத்தில் தலையிடும் துணிவு எனக்கில்லை. மறையுரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 2023 அக்டோபர் 27 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியா எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றது. அம்மாதம் 7ஆம் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலைத் தீர்மானம் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்பது நம் அரசுத் தரப்பின் மனக்குறையாக இருந்தது. ஆனால் ஆறேழு வாரங்களுக்குப் பின், டிசம்பர் 12 அன்று, உடனடிப் போர் நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 153 நாடுகள் ஆதரித்தபோது அவற்றில் இந்தியாவும் ஒன்று. பிறகு 2025 ஜூன் 12 அன்று அதே போன்றதொரு தீர்மானத்தில் மீண்டும் ஒதுங்கி நின்றது. ஆக, பங்குத்தந்தையின் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் தேதிகளும் உண்டு, அதை மெலியச் செய்யும் தேதியும் உண்டு. அவர் முதல் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறையுரையை முடித்திருந்தால், கேட்டவர்கள் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவருக்கு இதில் அக்கறை எங்கிருந்து வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் மறையும்வரை, காசாவில் உள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்துக்கு அநேகமாக ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் பேசிவந்தார். தம் தலைவர் நாள்தோறும் நலம் விசாரித்த ஓர் ஊரைப் பற்றிக் கருங்கல்லில் ஒரு குரு பேசுவதை அரசியல் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் உங்கள் மனக்கசப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. சட்டமன்றத்தில் ஒருவர் பேசினால் எதிர்வரிசையிலிருந்து குறுக்கீடு வரும். டீக்கடையில் பேசினால், "அண்ணாச்சி, அது அப்படியில்ல" என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவர் மடக்குவார். மறையுரைக்கு அந்த வசதி கிடையாது. கேட்பவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்ததும் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்ல வேண்டும். மறுப்புச் சொல்ல வழியில்லாதவர்களிடம் பேசுகிறவருக்கு, எதிர்த்தரப்பின் வாதத்தையும் தாமே எடுத்துச் சொல்லும் கடமை வந்து சேர்கிறது. இந்த மாதம் வந்த கேள்விகள் எல்லாவற்றையும் நான் இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான் அளக்கப் போகிறேன்.

வெளியே போனது உங்கள் உரிமை. திருப்பலி முடிந்தபின் திரும்பிப் போய், மேலே உள்ள மூன்று தேதிகளையும் அவர் முன் வைத்திருக்கலாம். ஆசிரியராக இருந்தவர் நீங்கள். விடைத்தாளில் பாதிப் பதிலுக்கு என்ன மதிப்பெண் போடுவீர்களோ அதைப் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

வெளியுறவுக் கொள்கையைக் குறை கூறுவதே தேசத்துரோகம் என்று என் வகுப்புத் தோழர் வாதிடுகிறார். சட்டம் என்ன சொல்கிறது?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

தோழருக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுங்கள். 1956இல் சோவியத் படைகள் ஹங்கேரிக்குள் புகுந்தபோது நேரு அரசு தயங்கித் தயங்கிப் பேசியதை ஜெயப்பிரகாஷ் நாராயண் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அதற்காக அவர்மீது வழக்கு எதுவும் பாயவில்லை. அரசின் செயலைக் கடுமையான சொற்களால் கண்டிப்பது மட்டுமே ராஜத்துரோகம் ஆகாது, வன்முறையைத் தூண்டும் நோக்கமோ போக்கோ இருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் 1962இலேயே சொல்லிவிட்டது. ராஜத்துரோகத்தைக் குற்றமாக்கிய பழைய 124ஏ பிரிவை அதே நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு இப்போது அந்த இடத்தில் இருக்கிறது. அதிலும் அரசைக் குறை கூறுவதற்கு விலக்குச் சொல்லும் விளக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

உங்கள் தோழர் கெட்டிக்காரராக இருந்தால் வேறொரு பக்கத்திலிருந்து வருவார். அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைக் கொடுத்துவிட்டு, அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கக்கூடிய காரணங்களையும் அடுத்து அடுக்குகிறது. அந்தப் பட்டியலில் அயல்நாடுகளுடனான நட்புறவும் ஒன்று. 1950இல் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது அது அங்கே இல்லை. 1951இல் செய்த முதல் திருத்தத்தில்தான் சேர்ந்தது. ஆகவே ஒரு நட்பு நாட்டை இழிவுபடுத்தும் பேச்சைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற அரசுக்கு வழி உண்டு. ஆனால் சொந்த அரசின் வாக்கு சரியா தவறா என்று கேட்பது எந்த அயல்நாட்டின் நட்பையும் கெடுக்காது.

குருமாருக்கென்று தனியாக உள்ள கட்டுப்பாடுகள் வேறு. மத நிறுவனங்களின் தவறான பயன்பாட்டைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம், வழிபாட்டிடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இன்னாருக்கு வாக்களிக்காவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவீர்கள் என்று மிரட்டுவதை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தகாத செல்வாக்கு என்று வகைப்படுத்துகிறது. ஐ.நா. வாக்கெடுப்பைப் பற்றி அறநோக்கில் பேசுவது இந்த இரண்டில் எதற்குள்ளும் எளிதில் அடங்காது. ஆனால் அதே மூச்சில் ஒரு சின்னத்தின் பெயரைச் சொன்னால், பேசியவர் நிற்கும் இடம் மாறிவிடுகிறது.

2012இல் இத்தாலியக் கப்பல்காரர்கள் நம் மீனவர்களைச் சுட்டபோது ஒரு கர்தினால் சொன்னதாக வந்த செய்தி எங்கள் கடற்கரை ஊர்களில் பெரும் கொதிப்பை உண்டாக்கியது. இன்றைய தலைமுறைக்கு அது தெரியவில்லை. நீங்கள் எழுத வேண்டும்.
– தூத்தூர் வாசகர்

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடற்கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகைக் கடற்கொள்ளையர் படகு என்று கருதிச் சுட்டதாகச் சொன்னார்கள். படகில் இருந்த இருவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் உங்கள் பக்கத்துப் பிள்ளை. படகின் உரிமையாளரும் குமரி மாவட்டத்தவரே.

அதற்கு மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 18 அன்று, ரோமாபுரியில் சீரோ மலபார் திருச்சபையின் தலைவர் ஜார்ஜ் ஆலஞ்சேரி கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அவர் நமக்கு அந்நியர் அல்லர்; 1997 முதல் 2011 வரை தக்கலை மறைமாவட்டத்தின் முதல் ஆயராக இருந்தவர். (ஒரு சின்ன மாவட்டத்துக்குள் கோட்டாறு, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று மூன்று வழிபாட்டு முறைகளைச் சேர்ந்த நான்கு கத்தோலிக்க மறைமாவட்டங்கள் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு இன்றும் வியப்பு.) அந்த நாட்களில் வத்திக்கானைச் சார்ந்த ஃபீதெஸ் செய்தி நிறுவனம், அவர் கேரளத்தின் கத்தோலிக்க அமைச்சர்களிடம் பேசியிருப்பதாகவும், அரசு அவசரப்படாமல் அமைதியான தீர்வு காண வேண்டும் என்று கேட்டிருப்பதாகவும் பொருள்பட ஒரு செய்தி வெளியிட்டது. கேரளத்தில் ஒரு தேர்தல் நெருங்கியிருந்த நேரம். அரசியல்வாதிகள் அதைக் கையிலெடுத்துக்கொண்டார்கள். தாம் அப்படிச் சொல்லவில்லை, குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதே தம் நிலை என்று கர்தினால் மறுத்தார். செய்தி நிறுவனமும் பின்வாங்கியது.

செய்தி தவறு என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. சாவு வீட்டில் இருந்தவர்களுக்கு, சுட்டவனும் கத்தோலிக்கன், செத்தவனும் கத்தோலிக்கன், ரோமில் இருக்கும் தலைவர் இப்போது யாருக்கு மேய்ப்பர் என்ற கேள்வி உடனே எழுந்தது. அந்தக் கேள்விக்கு அவரால் நேரில் பதில் சொல்ல இயலவில்லை. செய்தி அறிக்கை வழியாகத்தான் சொல்ல முடிந்தது. நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களில் அன்று பங்குத்தந்தையருக்கு அந்தச் சங்கடம் வரவில்லை. அவர்கள் உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டவனுக்கு அங்கேயே பதில் சொன்னார்கள்.

அரசுகளின் கதையும் அழகாக இல்லை. வாக்களிக்கச் சொந்த நாட்டுக்குப் போக அனுமதி பெற்ற அந்த இரு வீரர்களையும் 2013 மார்ச்சில் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி சொன்னது. இத்தாலியத் தூதர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகே அவர்கள் திரும்பி வந்தார்கள். பிறகு வழக்கு பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. வீரர்களுக்கு இந்திய நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்குரிமை உண்டு, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்ற தீர்ப்பு 2020இல் வெளிவந்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டிய பின் 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்கை முடித்துவைத்தது. இறந்த இருவரின் குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. குற்றச்சாட்டின் மீதான நீதிமன்ற விசாரணை இங்கே நடக்கவே இல்லை. இந்தக் கொள்கைத் தோல்வியைப் பற்றி உங்கள் பங்கில் எந்தக் குருவாவது பேசினால், அவரை அரசியல்வாதி என்று நான் சொல்ல மாட்டேன்.

2021இல் அருமனையில் ஒரு குருவானவர் பிரதமரையும் உள்துறை அமைச்சரையும் பேசியதற்காகக் கைதானார். அதைக் கண்டித்தவர்கள் இப்போது மறையுரையில் வெளியுறவு பேசுவதை ஆதரிக்கிறார்களே, இது இரட்டை வேடம் இல்லையா?
– குலசேகரம் வாசகர்

இல்லை. இரண்டையும் ஒரே கூடையில் போடுவதுதான் பிழை.

இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: காவலில் இருந்தபோது 2021 ஜூலை 5 அன்று இறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமிக்கு அஞ்சலி செலுத்த, ஜூலை 18 அன்று அருமனையில் கூட்டம் நடந்தது. அங்கே பேசிய ஒரு குரு அரசை விமர்சித்ததோடு நிற்கவில்லை. பூமியைத் தாயாக வணங்குகிறவர்களின் நம்பிக்கையையும் பாரதத் தாயையும் ஏளனம் செய்தார். சில நாளில் கைதானார். பின்னர் வருத்தமும் தெரிவித்தார். வழக்கை ரத்து செய்யக் கோரியபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஜனவரியில் சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டு, மத நம்பிக்கையைப் புண்படுத்தியது, பிரிவினரிடையே பகையை வளர்த்தது ஆகியவை தொடர்பான பிரிவுகளை நீக்க மறுத்தது.

ஆட்சியாளரைத் திட்டினார் என்பதற்காக எவரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பேச்சின் குற்றம் அங்கே இல்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கி இந்த மாவட்டத்தின் இரு சமூகங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதை என் வயதில் உள்ளவர்கள் மறக்கவில்லை. ஊர் அடங்கிய அந்த நாட்களில், யார் வீட்டு வாசலில் என்ன அடையாளம் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தோம். அந்த நினைவு உள்ள மண்ணில் நின்று அடுத்தவர் வணங்குவதைக் கேலி செய்வது அரசியல் துணிச்சல் ஆகாது. தெருவில் இருக்கும் ஒரு பகுத்தறிவாளர் சொன்னால் அவரோடு வாதிடலாம். அங்கி அணிந்தவர் சொல்லும்போது, அவருக்குப் பின்னால் இருக்கும் சமூகம் முழுவதும் சொன்னதாகவே அக்கம்பக்கத்தார் காதில் விழுகிறது. நீதிமன்றமும் ஏறக்குறைய இப்படித்தான் வேறுபடுத்திப் பார்த்தது. அருமனையில் மறுமொழி சொல்ல இடமில்லாமல் போனவர்கள் அந்தக் கூட்டத்துக்கே வராத இந்துக்கள். கருங்கல் மறையுரையில் அப்படி யாரும் அவமதிக்கப்படவில்லை.

திருச்சபையின் வேலை ஜெபம் செய்வது. போரும் சமாதானமும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் சேகரத்தில் மூத்தவர்கள் சொல்கிறார்கள்.
– சி.எஸ்.ஐ. சபை உறுப்பினர், மைலாடி

மைலாடியிலிருந்து இந்தக் கேள்வி வருவது வேடிக்கை. 1806இல் ரிங்கல்தௌபே உங்கள் ஊருக்கு வந்து பணியைத் தொடங்கினார்; அவருக்குப் பின் வந்த லண்டன் மிஷன் ஊழியர்கள் ஜெபத்தோடு நின்றிருந்தால் தோள்சீலை விவகாரம் எங்கே போய் முடிந்திருக்கும்? திருவிதாங்கூர் அன்று தனி அரசு. ஆங்கில அரசுக்கு அது ஓர் அயல்நாடு மாதிரி. அந்த அயல்நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடச் சொல்லி மிஷனரிகள் அங்கிருந்த ஆங்கில அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கும் சென்னை ஆளுநருக்கும் மனு மேல் மனுவாக எழுதினார்கள். ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் திவானை நெருக்கினார். 1859 ஜூலை 26 அன்று, நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைவு தரும் அரச பிரகடனம் வந்தது. அந்த இசைவிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது என்பது வேறு கதை. மூத்தவர்கள் இன்று உடுத்தியிருப்பதில் அந்த மனுக்களின் பங்கும் உண்டு என்று பணிவோடு சொல்லிப் பாருங்கள்.

உங்கள் சபையின் தாய்ச் சபைகளில் ஒன்றான இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 1982இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு போரிட்டு பிரிட்டன் வென்றது. அதே ஜூலை 26ஆம் தேதி (தேதி ஒற்றுமை தற்செயல்தான்) லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நன்றி ஆராதனை நடந்தது; பிரதமர் மார்கரெட் தாட்சர் முன்வரிசையில் இருந்தார். வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்தவர்கள் நடுவில் நின்று கான்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி, இறந்த அர்ஜென்டின வீரர்களின் உறவினரது துக்கத்தையும் சேர்த்து நினைத்துக்கொண்டு, இரு தரப்பு இறந்தோருக்காகவும் மன்றாடச் சொன்னார். ஆளுங்கட்சியினர் பலர் கொதித்தார்கள். ஆனால் அவரைக் கோழை என்று சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. ரன்சி இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாகச் சண்டையிட்டு மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். பேசும் பொருளை நேரில் அறிந்தவர் என்பதால், எதிர்த்தவர்கள் அவர் சொன்னதோடுதான் மோத வேண்டியிருந்தது.

குருமார் தேர்தலில் நின்று நேரடியாகவே பேசிவிடலாமே?
– புதுக்கடை வாசகர்

இந்தியச் சட்டம் தடுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் டிரைனன் என்ற இயேசு சபைக் குரு, வியட்நாம் போரை எதிர்த்துப் பிரசாரம் செய்து 1970இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். கம்போடியாவில் ரகசியமாகக் குண்டு போட்டதைச் சுட்டிக்காட்டி, 1973இல் அதிபர் நிக்சனைப் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். குருமார் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்று 1980இல் ரோமிலிருந்து உத்தரவு வந்ததும், மறு பேச்சின்றி அடுத்த தேர்தலிலிருந்து விலகிக்கொண்டார். பதவியில் இருந்தவரைக்கும் அவருடைய பேச்சுக்கு அவையில் மறுப்புச் சொல்ல ஆள் இருந்தார்கள் என்பதால், என் அளவுகோலின்படி அவரிடம் குறை காண முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பயானில் பாலஸ்தீனத்துக்காக துஆ கேட்டால் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். கிறிஸ்தவக் குரு பேசினால் கருத்து, நாங்கள் பேசினால் குற்றமா?
– தேங்காய்ப்பட்டணம் வாசகர்

இருவருக்கும் அளவு ஒன்றுதான், ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். துருக்கியின் கலீஃபாவுக்காக இந்திய உலமாக்கள் ஆங்கில அரசின் வெளியுறவுக் கொள்கையை எதிர்த்து நடத்திய கிலாஃபத் இயக்கத்தில் காந்தியே முன்னால் நின்றார். பாலஸ்தீனத்தை 1988இலேயே தனி நாடாக அங்கீகரித்தது இந்திய அரசு. அரசு அங்கீகரித்த ஒரு நாட்டு மக்களுக்காகப் பிரார்த்திப்பதை, உங்கள் மீது சந்தேகம் கொள்ளக் காரணமாக ஒருவர் எடுத்துக்கொண்டால், அவர் விளக்கம் கேட்க வேண்டியது டெல்லியிடம்.

மடாதிபதிகள் பேசினால் மட்டும் மதவாதம் என்கிறீர்கள்.
– சுசீந்திரம் வாசகர்

நான் சொன்னதில்லை. மண்டைக்காடு எரிந்தபோது குன்றக்குடி அடிகளார் காவியோடு வந்து இரு தரப்பிலும் அமைதிக்காகப் பாடுபட்டார். அந்தக் காவியை மதவாதம் என்று எவனும் சொல்லத் துணியவில்லை. நேர்மாறான காட்சியைக் கடலுக்கு அக்கரையில் பார்த்திருக்கிறோம். தமிழருக்குச் சில உரிமைகள் தரும் உடன்பாட்டில் 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு கையெழுத்திட்டார் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கா. 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தார்கள். அன்றே உடன்பாடு கிழிந்தது. அடுத்த ஆண்டு அவரைச் சுட்டவரும் ஒரு பிக்குவே. காவி, வெள்ளை, கறுப்பு என்று அங்கியின் நிறத்தைப் பார்த்து நான் கணக்குப் போடுவதில்லை.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்களுக்கு வெளியுறவு பற்றிப் பேச என்ன தகுதி?
– இரணியல் வாசகர்

கூடங்குளம் போராட்டத்தின்போது, 2012 பிப்ரவரியில், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கும் இதே கேள்வியை வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களை நோக்கிக் கேட்டார். பணம் சட்டப்படி வந்து, சொன்ன காரியத்துக்குச் செலவானதா என்று பார்க்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அது கறாராகவே பார்க்கட்டும். ஆனால் வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் பெற்றது தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டையும் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கலாம். பின்பு 2016, 2018 நிதிச் சட்டங்களில் முன்தேதியிட்டுச் சட்டமே திருத்தப்பட்டது. அந்த இரு கட்சிகளும் வெளியுறவு பற்றிப் பேசுவதை நாம் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

கச்சத்தீவைக் கொடுத்துவிட்டு நம்மை ஏமாற்றினார்கள், பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு குரு முழங்கினார். அவர் சொன்னது சரிதானா? மீனவர்களுக்காகப் பேசுகிறவரைத் தடுக்கவும் மனம் வரவில்லை.
– முட்டம் வாசகர்

தடுக்க வேண்டாம். அவர் ஏன் பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் பக்கத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றில் அலுவலக வராந்தாவில் காத்திருந்தேன். உள்ளே ஒரு பெண், கணவரின் ஆதார் நகலைப் பிளாஸ்டிக் உறையோடு மேசையில் வைத்தபடி நின்றார். கணவர் வளைகுடாவில் மீன்பிடிக்கப் போன இடத்தில் காவலில் இருக்கிறார். பங்குத்தந்தை தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினார். எழுதி முடித்து, படகின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதும், முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார். ஈரானில் சிக்கியிருந்த நம் மீனவர்களை 2020 ஜூலையில் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள தியேகோ கார்சியா தீவுப் பக்கம் போய் பிரிட்டிஷ் படையிடம் அகப்பட்டவர்களும் உண்டு. இவர்கள் வீட்டார் வெளியுறவு அமைச்சகத்தை முதலில் பார்ப்பது பங்கு அலுவலக மேசையில்தான். அந்த மேசைக்காரர் டெல்லியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது நடக்கிற காரியமா?

ஆனால் படகின் பெயருக்குக் காட்டிய அந்தக் கவனத்தைத் திருவிழா மேடையிலும் காட்டியிருக்க வேண்டும். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 285 ஏக்கர் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. அதன் 5ஆம் பிரிவு, நம் மீனவரும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் யாத்திரிகரும் கடவுச்சீட்டோ விசாவோ இன்றி முன்போலவே வந்துபோகலாம் என்றது. மீன்பிடி உரிமைக்கு 1976இல் பரிமாறிய கடிதங்கள் முடிவு கட்டின. இந்த மட்டில் அவருடைய கோபம் நியாயம். எனக்கும் அது உண்டு.

பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதில்தான் சிக்கல். 1976 மார்ச் 23 தேதியிட்ட அந்தக் கடிதங்களே, குமரி முனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிக் கடற்பகுதி இந்தியாவின் பொருளாதார மண்டலத்தில் இருக்கிறது, அதன் வளங்கள் மீது இறையுரிமை இந்தியாவுக்கே என்று இலங்கையை ஒப்பவைத்தன. இந்தியா உரிமம் கொடுத்த இலங்கைக் கப்பல்கள் ஆறுக்கு மிகாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேற்படாமல், மூன்று ஆண்டுகள் மட்டும் அங்கே மீன் பிடிக்கலாம். பிறகு வரக் கூடாது. ராமேஸ்வரத்துக்காரர் இழந்ததை முட்டத்துக்காரரின் மீன்வளம் ஈடுகட்டியதா, அது நியாயமான கணக்கா என்று கேட்கலாம். பண்டமாற்று என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை என்றும் வாதிடலாம். ஆனால் வாட்ஜ் பேங்கில் பிடித்த மீன் ஏலம் போகும் கரையில் நின்றுகொண்டு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால், கூட்டத்தில் இருந்த வயதான மீனவர் ஒருவராவது உள்ளுக்குள் சிரித்திருப்பார்.

அந்தக் கடிதங்களின் வாசகம் பொதுவெளியில் கிடைக்கிறது. ஒரு நகல் எடுத்து, அடுத்த திருவிழாவுக்குக் கொடி ஏறுமுன் அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.